பரியும் பரிவும்: செஞ்சித் தேசிங்கு ராஜன் வரலாறு

தமிழில் குதிரையைக் குறிக்கும் சொற்கள் பல. புரவி, இவுளி, மா, வயமா, கலிமா, பரி எனச் சான்றோர் அதனைப் பலவாறு வழங்கினர். அவற்றுள் பரி என்னும் சொல் சிறப்பாக நோக்கத்தக்கது. பரிதல் என்பதற்கு ஓடுதல் என்றும் பொருள் உண்டு. அன்பு காட்டி இரங்குதல் என்றும் பொருள் உண்டு. விரைந்தோடும் விலங்கின் பெயரும் இரங்கும் உள்ளத்தின் பெயரும் ஒரே வடிவில் அமைந்திருப்பது நம் மொழியின் அழகுகளுள் ஒன்று. பரியைப் பரிவோடு பேணியவன் என்று நாட்டு மக்கள் இன்றளவும் நினைவில் வைத்திருக்கும் இளவல் ஒருவனின் வரலாற்றை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. அவனே செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜன்.

மயிலமும் செஞ்சியும்

திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் மயிலம் குன்று எழுந்து நிற்கின்றது. பகைத்து நின்ற சூரன் மயிலாகித் தவமிருந்து முருகனுக்கு ஊர்தியாக அமைந்த இடம் என்று அவ்வூரின் தலவரலாறு கூறும். பகையை அழித்து ஒழிக்காமல் அன்பினால் ஊர்தியாக்கிக் கொண்ட கதை அது. முருகனை மயிலேறும் இராவுத்தன் என அருணகிரிநாதர் தம் கந்தரலங்காரத்தில் விளித்திருப்பதை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். இராவுத்தன் என்பது குதிரை வீரனைக் குறிக்கும் சொல். தமிழ் முஸ்லிம் பெருமக்களுள் ஒரு பிரிவினர்க்கும் அதுவே பெயராய் அமைந்துள்ளது. குதிரையைப் பழக்கும் தொழில் அவ்வளவு மதிப்புடையதாயிருந்தமையால்தான் சைவப் புலவர் ஒருவர் அச்சொல்லைத் தம் இறைவனுக்குச் சூட்ட முன்வந்தார் எனலாம்.

மயிலத்திற்கு அண்மையில் வீடூர் அணை உள்ளது. அவ்வணைக்கு நீர் கொணரும் ஆறுகளுள் ஒன்றாகிய சங்கராபரணி, வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் பெயர் பெறும். செஞ்சி மலைகளின் பக்கமிருந்து இறங்கி வந்து, வீடூர் வழியே சென்று, புதுச்சேரிக்கு அருகில் கடலில் கலக்கும் இவ்வாறு நம் கதையில் ஒரு முதன்மையான இடம் பெறுகின்றது. தேசிங்கின் குதிரை இறுதியாக நீந்திக் கடந்த வெள்ளம் இவ்வாற்றின் வெள்ளமே.

குடிவழி

திண்டிவனத்திற்கு மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில் உள்ள செஞ்சிக் கோட்டை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைத்துச் சுவரெழுப்பிய பெருங்கோட்டையாகும். நாயக்கர், பீஜப்பூரார், மராத்தியர் எனப் பலர் கைமாறிய கோட்டை அது. 1677இல் சிவாஜி அதனைக் கைப்பற்றினார். பின்னர் ஒளரங்கசீப்பின் படைத்தலைவர் சுல்பிகார் கான் 1690 முதல் எட்டாண்டுகள் முற்றுகையிட்டு 1698இல் அதனை வென்றார். அதன்பின் கோட்டைக் காவல் பொறுப்பு புந்தேல்கண்டைச் சேர்ந்த இராசபுத்திரர் சொரூப்சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய மகனே தேஜ்சிங். தேஜ்சிங் என்னும் வடநாட்டுப் பெயர் தமிழ் மக்கள் நாவில் தேசிங்கு என மருவிற்று.

புந்தேலர் குதிரையேற்றத்தில் வல்லவர். நடக்கத் தொடங்கும் பருவத்திலேயே குதிரை முதுகில் அமரப் பழகும் குடி அவர்களுடையது. அத்தகைய குடியில் பிறந்த தேசிங்கு, தந்தையார் 1714ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இயற்கை எய்தியபோது, தன் இளம் மனைவியுடன் புந்தேல்கண்டிலிருந்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தான் என்று வரலாற்றாசிரியர் சி.எஸ். சீனிவாசாச்சாரியார் தம் செஞ்சி வரலாற்று நூலில் எழுதுகின்றார். அப்பொழுது அவனுக்கு அகவை 22 என்பர். அவ்வாண்டு முடியும் முன்னரே அவன் வாழ்வு முடிந்துவிட்டது. பத்துத் திங்கள் கூட நிரம்பாத ஆட்சி அது. நூறாண்டு ஆண்ட மன்னர் பலரின் பெயரை மறந்துவிட்ட மக்கள், சில திங்களே ஆண்ட இவனை மறக்கவில்லை. அதற்குரிய காரணத்தைத் தேடின், அவனுடைய குதிரையும் அவனுடைய நண்பனுமே விடையாக வந்து நிற்பர்.

கடல் கடந்து வந்த குதிரைகள்

தேசிங்கின் பெருமையை அறிய, தமிழகத்தில் குதிரைகள் பட்ட பாட்டையும் சிறிது அறிதல் வேண்டும். நம் நாட்டின் ஈரப்பதமும் வெப்பமும் குதிரைக்கு உகந்தவை அல்ல. ஆதலின் சங்க காலம் முதலே குதிரைகள் கடல் வழியாக இங்கு வந்திறங்கின. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை தெரிவிக்கின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் கதையை அறியாதார் இலர்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்தும் அரபு நாட்டுத் துறைமுகங்களிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்தன. கீஷ் தீவின் வணிகத் தலைவர் மட்டும் ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியுள்ளார். அத்துணை விலை கொடுத்து வாங்கிய குதிரைகள் ஓராண்டு கூட நிலைத்து வாழவில்லை. ஏன்?

இவ்வினாவுக்கு அக்காலத்துப் பயணிகள் இருவர் விடை கூறியுள்ளனர். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர் இங்கில்லை என்றும், லாடம் அடிப்பவரும் குதிரை மருத்துவரும் இல்லாமையாலேயே அவை மடிகின்றன என்றும் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ குறிப்பிட்டார். குதிரைகளுக்கு வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் உணவாகக் கொடுத்தனர் என்பதும் அவர் தரும் செய்தி. வஸ்ஸாபோ, குதிரைகளை ஓய்வின்றிக் கயிற்றால் பிணித்து வைத்து, நெய்யில் வெந்த தானியங்களைத் திணித்து, பின்னர் இரக்கமின்றி ஓட்டுவதால் வலிமை மிக்க குதிரைகளும் விரைவில் நலிந்து போகின்றன எனச் சுட்டினார். தட்பவெப்பம் ஒரு காரணமேயாயினும், பேணும் முறை அறியாமையே பெருங்காரணம் என்பது இவ்விருவர் கூற்றாலும் விளங்கும். குதிரையைப் பொருளாகக் கருதி விலை கொடுத்தவர் பலர். அதனை உயிராகக் கருதிப் பழகியவர் சிலரே.

அச்சிலர் வாழ்ந்த மரபும் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. சாலிஹோத்திரர் என்னும் முனிவர் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவ நூல் வடமொழியில் தொன்மையானது. பாண்டவருள் ஒருவனாகிய நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் ஓவியங்களுடன் அச்சிட்டுள்ளது. சாலிஹோத்திர மரபைப் பாமினி சுல்தான்கள் காலத்திலேயே முஸ்லிம் அறிஞர் பாரசீக மொழியில் பெயர்த்தனர். அவ்வகை நூல்களுக்குப் பரஸ்நாமா என்று பெயர். குதிரை மருத்துவனைச் சலோத்திரி என இந்துஸ்தானி மொழியில் அழைத்தது அம்முனிவரின் பெயரைக் கொண்டே. முகலாயரின் லாயங்களில் ஒரு வடமொழி முனிவரின் பெயர் நாள்தோறும் ஒலித்தது என்பது நம் நாட்டின் கலப்புப் பண்பாட்டுக்கு ஒரு சான்று.

அடங்காக் குதிரையும் இளங்காளையும்

தேசிங்கைப் பற்றிய கதைப்பாடல் தமிழகத்தின் வட மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வருவது. கதைப்பாடல் கூறுவது அனைத்தும் வரலாறாகாது. எனினும் மக்கள் மனம் எதனைப் போற்றிற்று என்பதை அறிய அதனினும் சிறந்த சான்று வேறில்லை. தில்லிப் பாதுஷாவிடம் பாராசாரி என்னும் குதிரை ஒன்று இருந்தது. எவராலும் அதன்மேல் ஏறியமர இயலவில்லை. தேசிங்கின் தந்தை முயன்று தோற்றுச் சிறைப்பட்டார். இளைஞனாகிய தேசிங்கு தில்லி சென்று அக்குதிரையை அடக்கித் தந்தையை மீட்டதோடு, அக்குதிரையையே பரிசாகவும் பெற்றான். இதுவே அக்கதையின் சாரம்.

படைத்தலைவர் பலர் தோற்ற இடத்தில் ஓர் இளைஞன் வென்றது எவ்வாறு? வலிமையால் என்று கூறின் அது பொருந்தாது. வளர்ந்த குதிரை ஒன்று நானூறு, ஐந்நூறு கிலோ எடை உடையது. எத்துணை வலியவனாயினும் தோள்வலியால் மட்டும் அதனை வெல்லல் அரிது. இதனையொத்த நிகழ்ச்சி ஒன்றைக் கிரேக்க வரலாற்றிலும் காண்கிறோம். மாசிடோனிய மன்னர் பிலிப்பின் முன் கொணரப்பட்ட புசிபலஸ் என்னும் குதிரை எவரையும் அண்டவிடவில்லை. அது தன் நிழலைக் கண்டே அஞ்சுகின்றது என்பதைச் சிறுவன் அலெக்சாந்தர் கண்டுகொண்டான், அதன் முகத்தைக் கதிரவனை நோக்கித் திருப்பினான், தட்டிக் கொடுத்தான், பின்னரே மேலே ஏறினான் என்று புளூட்டார்க் எழுதுகின்றார். ஏனையோர் அக்குதிரையின் முரட்டுத்தனத்தைக் கண்டனர். அலெக்சாந்தர் அதன் அச்சத்தைக் கண்டான். வெற்றியின் மறைபொருள் அதுவே.

கிறித்து பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த செனபோன் என்னும் கிரேக்கப் படைவீரர் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். சினத்தோடு குதிரையை ஒருபோதும் நெருங்கலாகாது என்பது அவர் வகுத்த முதன்மையான விதிகளுள் ஒன்று. வற்புறுத்திச் செய்விக்கும் எதுவும் அழகுடையதாகாது என்பதும் அவர் கருத்து. தேசிங்கின் கதையைப் பாடிய நம் நாட்டுப் புலவர் செனபோனை அறியார். ஆயினும் அடங்காக் குதிரை ஒன்று ஓர் இளைஞனுக்கு மட்டும் அடங்கியதைப் பாடியபோது அவ்வுண்மையைத் தம் வழியில் உணர்ந்திருந்தார் என்றே கொள்ளலாம்.

பேணும் நெறி

குதிரை இரை தேடிக் கொல்லும் விலங்கன்று. பிற விலங்குக்கு இரையாகக் கூடிய விலங்கு. ஆதலின் அச்சம் அதன் இயல்பு. ஓட்டம் அதன் காப்பு. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தமையால் ஏறத்தாழச் சுற்றுமுற்றும் முழுவதையும் காண வல்லது. நேர் பின்புறமும் நெற்றியின் நேர் முன்புறமும் மட்டுமே அதற்குத் தெரியா. அவ்விடங்களிலிருந்து திடீரெனத் தொடுவோனை அது உதைப்பது பகையால் அன்று, அச்சத்தால். இதனை அறிந்தவன் தோள் பக்கமாக வந்து, குரல் கொடுத்து, பின்னரே கை வைப்பான். அறியாதவன் உதை வாங்கிவிட்டுச் சவுக்கைத் தேடுவான்.

உணவிலும் அதற்கென ஒரு நெறி உண்டு. உடலின் பருமைக்குக் குதிரையின் இரைப்பை மிகச் சிறியது. உண்டதைக் கக்கவும் அதனால் இயலாது. எனவே ஒரே வேளையில் மிகுதியாகத் தானியம் இடுவது வயிற்றுவலிக்கும் சாவுக்கும் வழிகோலும். புல்லைச் சிறிது சிறிதாக நாள் முழுதும் மேய்வதே அதன் இயற்கை. அறுகும் வைக்கோலும் அளவாகக் கொள்ளும் நம் நாட்டுக் குதிரைகளை வளர்த்த உணவுகள். நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் வரை நீர் வேண்டும். குளம்பு திங்கள்தோறும் வளர்வதால் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை செதுக்கி லாடம் மாற்றுதல் வேண்டும். சேணம் சரியாகப் பொருந்தாவிடின் முதுகு புண்ணாகும். புண்பட்ட குதிரை முரண்டு பிடிக்கும். முரண்டுக்காக அடி வாங்கும். அடியினால் மேலும் முரண்டு கொள்ளும். நோயும் தீய குணமும் ஒன்றையொன்று வளர்ப்பது இவ்வாறே.

பழக்குவதிலும் இதே உண்மை உண்டு. பாடம் குறுகியதாயிருத்தல் வேண்டும். கேட்டதைச் செய்த நொடியிலேயே கடிவாளத்தின் இழுப்பைத் தளர்த்துதல் வேண்டும். அத்தளர்வே அதற்குப் பரிசு. ஓய்ந்திருக்கும் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு முப்பது, நாற்பது முறையே துடிக்கும். அஞ்சிய குதிரையின் இதயமோ பன்மடங்கு விரையும். இடைவிடாத அச்சத்தில் வாழும் குதிரை உணவு குறைந்து, உடல் மெலிந்து, நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும். சினமுற்ற மனித முகத்தின் படத்தைக் கண்ட அளவிலேயே குதிரையின் இதயத் துடிப்பு விரைகின்றது என்பதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். அன்பு என்பது குதிரைக்கு அணிகலன் அன்று, மருந்து.

இத்தகைய பரிவு நெறியைச் சமயங்களும் வற்புறுத்தியுள்ளன. வாயில்லா உயிர்களை வருத்தலாகாது என்பதும், அவற்றின் முகத்தில் அடித்தலாகாது என்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரைகளாகும். தேசிங்கிற்கு ஒரு தலைமுறை முந்தி வாழ்ந்த உமறுப் புலவர் தம் சீறாப்புராணத்தில், வேடனிடம் அகப்பட்ட மானுக்கு நபிகளார் பிணை நின்ற நிகழ்ச்சியைத் தனிப் படலமாகவே பாடியுள்ளார். விலங்கும் வாக்குக் காக்கும். அதனை நம்புவோர் வேண்டும் என்பதே அப்படலம் தரும் பாடம்.

இரு நண்பர், இரு குதிரைகள்

தேசிங்கின் உயிர்த்தோழன் மகபத்கான் என்னும் முஸ்லிம் இளைஞன். தேசிங்கிற்குப் பாராசாரி போல மகபத்கானுக்கு நீலவேணி என்னும் குதிரை இருந்ததாகக் கதைப்பாடல் கூறும். ஒருவன் சிங்கவரம் அரங்கநாதரை வழிபடுபவன். மற்றவன் அல்லாஹ்வைத் தொழுபவன். தத்தம் நெறியில் பிறழாமலே இருவரும் ஒருயிராய்ப் பழகினர். செஞ்சிக் கோட்டைக்குள் மகபத்கான் பெயரால் வழங்கும் பள்ளிவாசல் இன்றும் உள்ளது. ஒருவரையொருவர் மாற்ற முயலாமல் ஒருவரையொருவர் மதித்து வாழ்ந்த நட்பு அது. குதிரையை அதன் இயல்பறிந்து பழகத் தெரிந்தவனுக்கு நண்பனை அவன் இயல்பறிந்து மதிக்கத் தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

பகை மூண்ட வரலாறு

அப்பொழுது ஆர்க்காட்டு நவாபாக இருந்தவர் சாதத்துல்லா கான். செஞ்சியின் கப்பம் பல்லாண்டுகளாக நிலுவையில் நின்றது. தந்தை செலுத்தாத கப்பத்தை மகன் செலுத்துதல் வேண்டும் என்பது நவாபின் கோரிக்கை. ஒளரங்கசீப் தன் தந்தைக்கு அளித்த ஆணைப்பத்திரத்தின்படி செஞ்சி தனக்கே உரியது என்பது தேசிங்கின் வழக்கு. புதிய பேரரசரிடம் அதனைப் புதுப்பிக்காமல் உரிமை கொண்டாடுதல் ஆகாது என நவாபு தரப்பார் மறுத்தனர். இவ்வழக்கில் சமயத்திற்கு இடமே இல்லை. நவாபின் நிருவாகத்தில் தோடர்மால் முதலிய இந்துக்கள் உயர் பொறுப்பில் இருந்தனர். தேசிங்கின் வலக்கையாக ஒரு முஸ்லிம் நின்றான். வரியும் உரிமையும் தன்மானமும் பற்றிய போரே அது. பிற்காலத்தார் எவரேனும் இதனைச் சமயப் போராகத் திரித்துரைப்பின் வரலாறு அதற்கு இடம் கொடாது.

நவாபின் படை செஞ்சியை நெருங்கியபோது மகபத்கான் வழுதாவூரில் திருமணக் கோலத்தில் இருந்தான். நண்பனிடமிருந்து அழைப்பு வந்தது. மணப்பந்தலிலிருந்து எழுந்து நீலவேணியின்மேல் ஏறி அவன் செஞ்சிக்கு விரைந்தான். இந்நிகழ்ச்சியைப் பாடும் இடத்தில் கதைப்பாடல் கேட்போர் கண்கலங்குவது இன்றும் உண்டு. போருக்குப் புறப்படும் முன் தேசிங்கு சிங்கவரம் சென்று அரங்கநாதரிடம் விடை கேட்டான் என்றும், போர் வேண்டா என்பது போல் இறைவன் முகத்தைத் திருப்பிக் கொண்டார் என்றும் அப்பகுதி மக்கள் கூறுவர்.

இறுதிப் போர்

1714ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள். சங்கராபரணியில் வெள்ளம் இருகரையும் தொட்டு ஓடியது. நவாபின் படையோ பல்லாயிரம்; தேசிங்கின் பக்கம் நின்றவர் சில நூற்றுவர். வெள்ளம் வடியட்டும் எனக் காத்திருக்கத் தேசிங்கின் உள்ளம் இசையவில்லை. குதிரையை ஆற்றில் செலுத்தினான். உடன் வந்தவருள் ஒரு சிறு பகுதியினரே கரையேறினர். தேவனூர், கடலி ஊர்களின் பக்கம் போர் நிகழ்ந்தது.

நவாபின் படைத்தலைவருள் ஒருவராகிய தௌலத்கான் தேசிங்கின் கையால் மடிந்தார். மகபத்கான் நண்பனின் கண்முன்னே வீழ்ந்தான். யானைமேல் இருந்த நவாபை நோக்கித் தேசிங்கு பாய்ந்தான். யானையைக் கண்டு குதிரைகள் அஞ்சுதல் இயல்பு. அதன் மணமே அவற்றை மிரளச் செய்யும். ஆயினும் தேசிங்கின் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி யானையை எதிர்த்தது என்றும், அப்பொழுது அதன் கால் வெட்டுண்டது என்றும் வழிவழிச் செய்தி கூறும். தரையில் நின்று போரிட்ட தேசிங்கு குண்டடிபட்டு மாய்ந்தான்.

பகைவனும் போற்றியது

போர் முடிந்தபின் நவாப் சாதத்துல்லா கான் நடந்துகொண்ட முறை குறிக்கத்தக்கது. மாண்ட வீரனின் உடலை இழிவுபடுத்தாமல் உரிய மரியாதையுடன் எரியூட்ட அவர் வழிசெய்தார். செஞ்சிக் கோட்டையிலுள்ள செட்டிகுளத்தின் கரையில் அவ்விடம் இன்றும் காட்டப்படுகின்றது. தேசிங்கின் இளம் மனைவி அக்கால வழக்கப்படி உடன்கட்டை ஏறினாள். அக்கொடிய வழக்கத்தை இன்று நாம் போற்றுவதற்கில்லை. 1829 தொடங்கிச் சட்டமும் அதனை விலக்கிற்று. ஆயினும் அவ்விளம்பெண்ணின் துயரம் நவாபின் உள்ளத்தையும் தொட்டது. ஆர்க்காட்டின் எதிரே பாலாற்றங்கரையில் எழுந்த இராணிப்பேட்டை அவள் நினைவாகவே அப்பெயர் பெற்றது என்பர். அவ்வூர் 2019 முதல் ஒரு மாவட்டத்தின் தலைநகராகவும் விளங்குகின்றது. 1717, 1718ஆம் ஆண்டுகளில் நவாபு பெயரால் செஞ்சியில் எழுப்பப்பட்ட பள்ளிவாசல் கோட்டை வாயிலுக்குள் நிற்கின்றது. வென்றவரின் பள்ளிவாசலும், தோற்றவனின் நண்பன் பெயரால் அமைந்த பள்ளிவாசலும், தோற்றவனின் எரிமேடையும் ஒரே கோட்டைக்குள் அடுத்தடுத்து இருப்பது சிந்திப்பார்க்கு ஒரு பாடநூல்.

நீலாம்பூண்டியில் மகபத்கானின் அடக்கத்தலத்தையும் குதிரையின் நினைவிடத்தையும் ஊரார் காட்டுவர். மனிதர்க்கு எழுப்பிய நினைவிடங்கள் நாடெங்கும் உள. குதிரைக்கு எழுப்பியவை மிகச் சிலவே. அலெக்சாந்தர் தன் குதிரையின் பெயரால் ஜீலம் ஆற்றங்கரையில் ஒரு நகரை அமைத்தான். அது மன்னன் ஆணையால் எழுந்தது. தேசிங்கின் வட்டாரத்தில் குதிரையின் நினைவை முந்நூறு ஆண்டுகளாகக் காத்து வருவோர் எளிய உழவர் பெருமக்கள்.

நம்பிக்கையின் கடன்

தேசிங்கின் வீரத்தைப் போற்றும் நாம் ஒரு வினாவையும் எழுப்பாமல் இருத்தல் நேர்மையாகாது. அவன் பொறுமை காத்திருந்தால்? வெள்ளம் வடியும் வரை காத்திருந்தால்? நவாபோடு பேசி முடிக்க முயன்றிருந்தால்? முரட்டுக் குதிரையிடம் காட்டிய பொறுமையை அவன் அரசியலில் காட்டவில்லை. குதிரை அவனை நம்பியது; அதனால் வெள்ளத்திலும் இறங்கியது, யானையின் முன்னும் நின்றது. நண்பன் அவனை நம்பினான். அதனால் மணமாலையோடு போர்க்களம் வந்தான். மனைவி அவனை நம்பினாள். நம்பிய அனைவரும் ஒரே நாளில் அழிந்தனர்.

அச்சத்தால் அடிமைப்படுத்தப்பட்ட குதிரை ஆபத்து வந்தபோது திமிறி ஓடித் தன்னைக் காத்துக் கொள்ளும். அன்பால் பழகிய குதிரையோ ஓடாது. ஆகவே அன்பால் ஓர் உயிரின் நம்பிக்கையைப் பெறுபவன், அவ்வுயிரைத் தன்னினும் மேலாகக் காக்கும் கடனையும் பெறுகின்றான். பரிவு என்பது பழக்கும் பொழுது காட்டும் இன்சொல் மட்டும் அன்று. பழகிய பின் எங்கே அழைத்துச் செல்கிறோம் என்னும் பொறுப்பும் அதனுள் அடங்கும். தேசிங்கின் வாழ்வு முதற்பாதிக்கு எடுத்துக்காட்டு. அவன் சாவு மறுபாதிக்கு எச்சரிக்கை. இரண்டையும் ஒருசேரக் கற்பதே அவனுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை. இக்கடன் குதிரைக்காரனுக்கு மட்டும் உரியதன்று. மாணவரின் நம்பிக்கையைப் பெற்ற ஆசிரியர்க்கும், மக்களின் நம்பிக்கையைப் பெற்ற தலைவர்க்கும், பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற்ற பெற்றோர்க்கும் அது பொது.

முடிவுரை

தேசிங்கின் கதை தெருக்கூத்தாகவும் கதைப்பாடலாகவும் வாழ்ந்து, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் வந்தது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1960இல்தான். அச்சட்டத்தின்கீழ் 1965இல் வகுக்கப்பட்ட விதிகள், வண்டி இழுக்கும் குதிரைகளின் வாயைக் கிழிக்கும் முள் கடிவாளத்தை விலக்கியுள்ளன. ஆயினும் திருமண ஊர்வலங்களிலும் கடற்கரைகளிலும் வாய் புண்ணாகி, குளம்பு வளைந்து, விலா எலும்பு தெரிய நிற்கும் குதிரைகளை இன்றும் நாம் காண்கிறோம். வெடியும் கொட்டும் முழங்கும் நடுவே அது மிரண்டால் அடிக்கின்றோம். அதன் காதுக்கு எத்துணை வேதனை என்று எண்ணுவதில்லை.

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் இடம் பெற்றது. உலகெங்குமிருந்து அறிஞர் வந்து அதன் சுவர்களை அளக்கின்றனர். மாணவச் செல்வங்கள் அங்குச் செல்லும்பொழுது குன்றுகளின் உயரத்தை மட்டும் நோக்காது, செட்டிகுளத்தின் கரையில் சற்றே நிற்றல் வேண்டும். இரு பள்ளிவாசல்களையும் காணல் வேண்டும். வழியில் நீலாம்பூண்டிக்கும் செல்லுதல் வேண்டும். திரும்பும் வழியில் எங்கேனும் பாரம் இழுத்து இளைத்து நிற்கும் குதிரை ஒன்றைக் கண்டால், அதன் உரிமையாளரிடம் கனிந்த மொழியில் கடிவாளத்தைப் பற்றியும் குளம்பைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுதல் வேண்டும். ஒரு வாளி நீருக்கு வழிசெய்தல் வேண்டும். பாராசாரியின் பெயரை நிலைநிறுத்த அதனினும் சிறந்த வழி இல்லை.